எந்த 'கேஸ்' உங்களுக்கு?

காரியாபட்டியில் ஒரு சாதாரணக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: "கேஸ் தீர்ந்து போச்சு, புக் பண்ணிடுங்க!" அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு நிலத்து கேஸ் வாய்தா இருக்கு, வந்து பண்றேன்" என்கிறார். மகன், "காதுகுத்துக்கு ரெண்டு கேஸ் கலர் சொல்லியாச்சு" என்கிறான். பக்கத்து வீட்டு மதினி வந்து, "அந்தத் தெருக்காரருக்கு சீரியஸ் கேஸாம், மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று சேதி சொல்கிறார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தாத்தா நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒரே கேஸா இருக்குப்பா..." என்கிறார்.

ஒரே நாள், ஒரே வீடு, ஐந்து 'கேஸ்'! முதல் நான்கிலும் யாருக்கும் குழப்பம் இல்லை. சிலிண்டரைக் கேட்டால் யாரும் வக்கீலைக் கூப்பிடுவதில்லை. குழப்பம் எல்லாம் அந்த ஐந்தாவது கேஸில்தான். ஏறக்குறைய முப்பது வருடமாக நாடி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வார்த்தையோடுதான் உள்ளே வருகிறார்கள். அதனால் இந்தச் சொல்லின் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றவும் இது உதவலாம்.

மூன்று ஊர்த் தண்ணீர், ஒரே குடம்

நாம் தமிழில் 'கேஸ்' என்று எழுதும்போது உண்மையில் மூன்று வெவ்வேறு சொற்களை ஒரே குடத்தில் ஊற்றிவிடுகிறோம். கோர்ட் கேஸும் ஆஸ்பத்திரி கேஸும் ஒரு தாய்ப் பிள்ளைகள். லத்தீன் மொழியில் 'காசுஸ்' என்றால் விழுவது, நேர்வது என்று பொருள். நமக்கு 'நேர்ந்துவிட்ட' ஒன்று என்பதால் அது கேஸ் ஆனது. கலர் பாட்டில் வைக்கும் கேஸ், மூக்குக் கண்ணாடி வைக்கும் கேஸ், சூட்கேஸ் இவையெல்லாம் வேறு குடும்பம். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி.

அடுப்பில் எரிவதும் வயிற்றில் பொருமுவதும் மூன்றாவது குடும்பம். நம் பெரியவர்கள் இதைக் 'கியாஸ்' என்பார்கள். சிலர் 'காஸ்' என்று எழுதுவார்கள். மற்ற இரண்டு சொற்களையும் யார் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்குப் பெயர் வைத்தவர் யார் என்று தெரியும். அவரும் நம்மைப் போல ஒரு வைத்தியர்தான்!

பெயர் வைத்த வைத்தியர்

இன்றைய பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சேர்ந்தவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட். 1644-ல் இறந்தார். அவர் 62 பவுண்டு கரியை எரித்துப் பார்த்தார். மிஞ்சிய சாம்பல் ஒரே ஒரு பவுண்டு. நம்ம பக்கம் சீமைக்கருவேலை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு மூட்டைக் கரியை எரித்தால் ஒரு கை சாம்பல்தான் நிற்கும். ஆனால் ஹெல்மோன்ட் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "மீதி 61 பவுண்டு எங்கே போச்சு?"

கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக மாறிப் போயிருக்கிறது. அதைப் பாத்திரத்தில் அடைக்கவும் முடியவில்லை. அடங்காத அதற்குக் 'காட்டு ஆவி' என்று பொருள்படும் ஒரு பெயர் சொன்னார். திராட்சை ரசம் புளிக்கும்போது பொங்கி வருவதும் அதேதான் என்று கண்டார். இப்படிப்பட்டவற்றுக்கு எல்லாம் பொதுவாக ஒரு சொல் வேண்டும் அல்லவா? கிரேக்க மொழியில் 'கேயாஸ்' என்றால் உலகம் உருவாகும் முன் இருந்த உருவமற்ற பெருங்குழப்பம். அதைத் தன் ஊர் உச்சரிப்பில் 'காஸ்' என்று ஆக்கிக்கொண்டார். அவர் மறைந்த பிறகு 1648-ல் அவருடைய மகன் வெளியிட்ட மருத்துவ நூல் வழியாக அந்தச் சொல் உலகம் முழுக்கப் போனது. ஆக, கேஸ் என்ற சொல்லுக்கு மூலமே குழப்பம்தான்! இன்றுவரை அது தன் குணத்தை விடவில்லை.

ஒரு சொல், ஊருக்கு ஒரு வேலை

ஹெல்மோன்ட் கண்ட அந்தக் காட்டு ஆவியைத்தான் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதுபான ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, அதைத் தண்ணீருக்குள் செலுத்தும் முறையை 1772-ல் எழுதி வெளியிட்டார். பிறந்தது சோடா! சரியாக நூறு வருடம் கழித்து 1872-ல் ஹிராம் காட் என்பவர் கோலிக்குண்டு அடைத்த பாட்டிலுக்கு உரிமை வாங்கினார். நம்ம விருதுநகரில் 1916-ல் காளிமார்க் தொடங்கியபோது, அந்தக் கேஸ் கலராகி நம் கல்யாண வீடுகளுக்கே வந்துவிட்டது.

1800-ல் ஹம்ப்ரி டேவி எழுதிய 'சிரிப்பு வாயு'வை 1844-ல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் முகர்ந்துகொண்டு, வலி தெரியாமல் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். அதற்கும் முன்னால் 1792-ல் வில்லியம் முர்டாக் நிலக்கரியிலிருந்து வந்த ஆவியால் வீட்டில் விளக்கு ஏற்றினார். அது கேஸ் விளக்கு. நம் ஊரில் சாமி ஊர்வலத்துக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸையும் 'கியாஸ் லைட்' என்றுதான் சொன்னோம். ஆனால் அதில் எரிந்தது மண்ணெண்ணெய் ஆவி.

அமெரிக்காவில் இருக்கும் மகன் "கேஸ் போடப் போறேன்" என்றால் பதற வேண்டாம். அங்கே பெட்ரோலுக்குக் கேஸ் என்று பெயர். அயர்லாந்தில் ஒருவரைக் 'கேஸ்' என்றால் நல்ல தமாஷான ஆள் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் வெறும் வாய்ப்பேச்சுக்கும் கேஸ் என்று பெயர் உண்டு. நாம் சிவகாசிப் பக்கத்துக்காரர்கள், அதை 'வெத்துவேட்டு' என்போம்!

வேட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகி, அடைபட்ட இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறும் சத்தம்தான் வெடிச் சத்தம். தீபாவளி அன்று மூக்கைத் துளைக்கும் நெடி கந்தகம் எரிந்த வாயு. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

கொடிய பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. ஹெல்மோன்ட் பிறந்த அதே பெல்ஜிய மண்ணில், ஈப்ர் என்ற ஊரில், 1915 ஏப்ரல் 22 அன்று போர்க்களத்தில் குளோரின் வாயு திறந்துவிடப்பட்டது. 1984 டிசம்பரில் போபாலில் தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களை விஷ வாயு கொன்றதை நாம் மறக்கவில்லை.

'வாயு' வேறு, 'கேஸ்' வேறு

இப்போது நம்ம தாத்தாவின் கேஸுக்கு வருவோம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று வளி, அழல், ஐயம். வளி என்றால் வாதம், வாயு. சித்தர்கள் வாயுவைப் பத்தாகப் பிரித்தார்கள். பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன், நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்செயன். தமிழில் முதல் ஐந்துக்கும் அழகான பெயர்கள் உண்டு: உயிர்க்கால், கீழ்நோக்குங்கால், பரவுகால், மேல்நோக்குங்கால், நடுக்கால். 'கால்' என்றால் காற்று.

மூச்சு ஓடுவது ஒரு வாயு. கை கால் நீட்டி மடக்குவது ஒரு வாயு. கண் இமைப்பது, தும்முவது, விக்குவது, மலஜலம் கழிப்பது எல்லாமே வாயுவின் வேலை. அதாவது, உடம்பில் எது அசைந்தாலும் அதை அசைக்கிற சக்திக்கு நம் நூல்கள் வைத்த பெயர் வாயு. இன்றைய மருத்துவத்தில் நரம்பு மண்டலத்தின் வேலை என்று சொல்வதில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும். யூகி முனிவர் நூலில் வாத நோய்கள் 80 என்று கணக்கு. பக்கவாதமும் அதில் உண்டு, மூட்டு வலியும் உண்டு. பக்கவாதம் வந்தவரைப் பார்த்து யாராவது "வயித்துல கேஸ்" என்பார்களா?

இங்கிலீஷ் வந்ததும் வாயு என்ற இந்தப் பெரிய சொல்லைப் பிடித்து கேஸ் என்ற சின்னக் குப்பிக்குள் அடைத்துவிட்டோம். அப்புறம் என்ன? "முழங்கால்ல கேஸ் போய் உக்காந்துக்கிச்சு", "முதுகுல கேஸ் குத்துது", "தலைக்கு கேஸ் ஏறிடுச்சு!" உண்மையில் குடலில் உண்டாகும் காற்று முழங்காலுக்குப் போவதில்லை. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியாக மூச்சில் போய்விடும். மீதி மேலே ஏப்பமாகவோ கீழே காற்றாகவோ வெளியேறும். மூட்டு வலிக்கு மூட்டைப் பார்க்க வேண்டும், முதுகு வலிக்கு முதுகைப் பார்க்க வேண்டும்.

வயிற்றில் நிஜமாகவே கேஸ் என்றால்?

வயிற்றில் காற்று சேருவது நோயே அல்ல. ஆரோக்கியமான மனிதருக்கு ஒரு நாளில் பத்து முதல் இருபது தடவை காற்றுப் பிரியலாம். இதற்கு வெட்கப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இந்தக் காற்று இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, நாம் விழுங்குவது. அவசரமாகச் சாப்பிட்டால், பேசிக்கொண்டே சாப்பிட்டால், வெற்றிலை பாக்கு மென்றுகொண்டே இருந்தால் காற்றும் கூடவே உள்ளே போகும். இரண்டாவது, பெருங்குடலில் உள்ள கிருமிகள் உண்டாக்குவது. மொச்சை, கொண்டைக்கடலை, தட்டாம்பயறு, முட்டைக்கோஸ் போன்றவற்றில் சிறுகுடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் உண்டு. அவை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் உண்டாகும். சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்த சில மணி நேரத்தில் வயிறு 'திம்'மென்று ஆகிவிடும்.

இதற்கு வைத்தியம் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. பயறுகளை இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பூண்டு பலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அதுவே பொருமலைக் கிளப்பும். உங்கள் வயிறு எந்தக் கட்சி என்று பார்த்துச் சேருங்கள். மோரில் துளி பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கலாம். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு எட்டும் சேர்ந்த அட்டாதி சூரணம் மந்தத்துக்கும் பொருமலுக்கும் பழகிய மருந்து. அதில் உப்பு இருப்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

"சோடா குடிச்சேன், கேஸெல்லாம் வெளிய வந்துடுச்சு டாக்டர்!" என்று பலர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். ஏப்பமாக வந்தது வயிற்றில் ஏற்கெனவே இருந்த கேஸ் அல்ல. பெரும்பாலும், காசு கொடுத்து நீங்கள் ஊற்றிய கேஸ்தான்!

இன்னொன்று, 'கேஸ் மாத்திரை'. மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் பான்டோபிரசோல் மாதிரி ஒன்றைத்தான் கொடுப்பார்கள். அது காற்றைக் குறைக்கும் மருந்தே அல்ல. இரைப்பையில் சுரக்கும் அமிலத்தைக் குறைப்பது. புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது வேண்டும். வெறும் பொருமலுக்கு வருடக்கணக்கில் தானாக வாங்கி விழுங்குவது சரியில்லை. பெயர் தப்பினால் மருந்தும் தப்பிவிடுகிறது, பார்த்தீர்களா?

கேஸ் என்று நினைத்தது சீரியஸ் கேஸ் ஆகும்போது

இனி சொல்லப்போவதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. "மத்தியானத்துல இருந்து கேஸ் அடைக்குதுங்கய்யா. சோடா குடிச்சேன், ரெண்டு ஏப்பம் வந்துச்சு. இப்ப பரவாயில்ல. ஒரு லேகியம் குடுங்க" என்றார். நான் பார்த்தது அவர் சட்டையை. தொப்பலாக நனைந்திருந்தது. அன்று வெயிலும் இல்லை, புழுக்கமும் இல்லை. லேகியம் தரவில்லை, நாற்காலியை விட்டு எழவும் விடவில்லை. 108-க்குப் போன் செய்து அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், இன்றும் கல்லாவில் உட்காருகிறார். ஓமத் தண்ணீர் கொடுத்து, "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்க வைத்த வீடுகளையும் எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் காலையில் டாக்டருக்கு வேலை இருக்கவில்லை.

இதயமும் இரைப்பையும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டுக்கும் நடுவே உதரவிதானம் என்ற ஒரு சுவர்தான். இதயத்தின் அடிப்பகுதியில் ரத்தம் தடைப்பட்டால் மேல் வயிற்றில் வலி, குமட்டல், வாந்தி, ஏப்பம் எல்லாம் வரலாம். அதனால் ஏப்பம் வந்ததை வைத்து "இது கேஸ்தான்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். குடலில் காற்று சேர்ந்து விலாவுக்குக் கீழே வலிப்பதும் உண்டுதான். ஆனால் எது எது என்று கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

கவனிக்க வேண்டியவை இவை. நடு நெஞ்சில் பாறாங்கல் வைத்ததுபோல பாரம், அழுத்தம். அது தோள், கை, தாடை, முதுகு பக்கம் பரவுவது. காரணம் இல்லாமல் குப்பென்று வியர்ப்பது. மூச்சு வாங்குவது. நடந்தால் கூடுவது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதி, மூச்சுத் திணறல், மேல் வயிற்றுச் சங்கடம் என்றுகூட வரும். "எனக்கு என்ன, வீட்டு வேலை பாத்த அலுப்பு" என்று தாய்மார்கள் சொல்வதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இப்படி இருந்தால் நடக்க விடாதீர்கள், மாடிப்படி ஏற விடாதீர்கள், பைக்கில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். சாய்த்து உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் குழாய் அடைபட்டதும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகத் தொடங்குகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சைக்கு ஈடு கிடையாது. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சித்த வைத்தியன் சொல்கிறேன், இந்த நேரத்தில் என்னைத் தேடி வராதீர்கள். ஈ.சி.ஜி.யைத் தேடிப் போங்கள். ஈ.சி.ஜி. சரியாக இருந்து, டாக்டரும் பார்த்து "இதயம் இல்லை" என்று சொன்ன பிறகு வாருங்கள். கேஸுக்கு நான் வைத்தியம் செய்கிறேன்.

வயிறு விஷயத்திலும் அலட்சியம் கூடாத சில இடங்கள் உண்டு. வயிறு உப்பி, மலமும் காற்றும் போகாமல் வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. மலம் கறுப்பாகப் போனால், உடல் இளைத்தால், சாப்பாடு விழுங்கச் சிரமமாக இருந்தால் பரிசோதனை அவசியம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு மேலும் மாறாத உப்புசம் இருந்தால், சினைப்பையையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

வீட்டிலும் வெளியிலும் இருக்கும் கேஸ்

அடுப்படி கேஸ் என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதற்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அழுகல் நாற்றம் அடிக்கும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிறீர்களா? காற்றோட்டம் இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தலை சுற்றுவது தெரியும் முன்பே நினைவு போய்விடும். அதை வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

நம்ம கரிசல் காட்டில் பாழ்பட்ட கிணறுகள் நிறைய. ஹெல்மோன்டின் காட்டு ஆவி அங்கேதான் படுத்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கி, பிராணவாயு குறைந்து போயிருக்கும். செப்டிக் டேங்கில் இன்னும் கொடிய ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. விளக்கை இறக்கிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க அண்ணன், அவரைத் தூக்கத் தம்பி என்று வரிசையாக இறங்கிவிடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது இனி "கேஸ்" என்று சொன்னால் உடனே சோடாவுக்கு ஆள் அனுப்பாதீர்கள். "எங்கே வலிக்குது? எப்ப ஆரம்பிச்சது? வேர்க்குதா? மூச்சு வாங்குதா?" என்று நாலு கேள்வி கேளுங்கள். பதில் கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலும் போனை எடுத்து 108-ஐ அழுத்துங்கள்.